ஒத்தாசை என்று என் காதில் விழுந்தது

என் மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது உன் சட்டையின் வயிற்றுப் பித்தான் பூட்டிக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லாம் உன் மாமியார் கை நெய். ஆகவே சுகம் விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. எனக்கும் சுகம்தான், முழங்கால் ஒன்றைத் தவிர. இதை நீ தனியாக ஒதுங்கி உட்கார்ந்து மனசுக்குள் படிக்க வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படி. உன் பெண்டாட்டி ரோசம்மா கேட்கட்டும். உன் மாமியாரும் கேட்கட்டும். அவளுக்குப் புரியாத இடத்தை நீயே கன்னடத்தில் எடுத்துச் சொல். அதில்தான் நீ இப்போது பெரிய ஆளாயிற்றே.

புளியந்தோப்பை ஒட்டிய மேட்டில் உனக்கு வீடு கட்டக் கல் இறக்கியிருக்கிறார்களாம். பாஸ்குத் திருநாள் கழிந்ததும் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து அடிக்கல் போடப் போகிறார்களாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. என் காலுக்கு எண்ணெய் போட வந்திருந்த உன் பெண்டாட்டி வாய் தவறிச் சொன்னாள். இத்தனை வருஷமாக நீ மாரண்டஅள்ளிப் பக்கத்தில் மாமனார் வீட்டில் தங்கி, அவருடைய புளி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். தங்கியிருப்பது ஒரு மாதிரி, அங்கே சொந்தமாகச் சுவர் எழுப்புவது வேறு மாதிரி. சுவர் எழும்பிவிட்டால் பிறகு நம் பாப்பாரப்பட்டிக்கு நீ விருந்தாளிதான். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டுப் பழக்கமில்லாதவள் நான், அதனால் சுற்றி வளைத்துத்தான் வந்து சேருவேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. உன் மாமியார் மேல் பொறாமை. தவசு காலத்தில் இப்படி எழுதுவது பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், அது எனக்கும் சாமியாருக்கும் உள்ள சங்கதி. அவளுடைய தோப்பின் மேலோ மாட்டின் மேலோ எனக்குப் பொறாமை இல்லை. அவளுக்கு வாய்த்த வாயின் மேல் பொறாமை. வேண்டாம் என்கிறவனை விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் சரி என்று சொல்ல வைக்கிற வாய். அந்த வாய்தான் என் வீட்டுப் பிள்ளையை அங்கே உட்கார வைத்துக்கொண்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு பொறாமை குறைந்திருக்க வேண்டும். எனக்கு அதிகமாகிவிட்டது.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். உன் அப்பா வழியில் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். ஒரு தடவை கேட்பது மரியாதை, மறுபடியும் கேட்பது பிச்சை என்பது அவருடைய கணக்கு. நான் தொப்பூர்க் கணவாய் தாண்டி ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடக்குறையக் கேட்பார்கள். வந்த புதிதில் உன் அப்பாவுக்குக் களி போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று இரண்டாம் முறை கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "மொதல்ல கேட்டப்ப என் காது செவிடா இருந்துச்சா?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்தினேன். பிறகு அந்த வழக்கம் எனக்கே பிடித்துப்போனது. யார் முன்னாலும் தலை தாழ வேண்டியதில்லை பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை விடவில்லை. அவரைவிட நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது, "சாப்பிடறியா சாமி" என்பேன். நீ விளையாட்டு மும்முரத்தில் வேண்டாம் என்பாய். நான் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுவேன். பசித்தால் நீயே வருவாய். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாரியம்மா வாசலில் நீ உட்கார்ந்து அவரைக்கொட்டைக் குழம்பும் களியும் வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தாய். அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என்னிடம் பசியில்லை என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். வீட்டுக்கு இழுத்து வந்து, "நம்மூட்ல வேணாம்னுட்டு அங்க போயி திங்கறியாடா?" என்றேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "அவங்க மறுபடியும் கேட்டாங்கம்மா" என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மாரியம்மாவோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. பாவம், அவளுக்குக் காரணமே தெரியாது. பொறாமை எனக்கு இன்று நேற்று வந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு உன்னைச் சேலத்துப் போர்டிங்கில் சேர்த்தது. தருமபுரி ஸ்டேஷனில் மொரப்பூர் போகிற சின்ன ரயில் நின்றுகொண்டிருந்தது. உன் அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு ரயில்வே கார்டோடு பேசப் போய்விட்டார். நீ படியில் ஒரு கால் வைத்து, "போவட்டுமாம்மா?" என்றாய். போ என்றேன். ஏறினாய், மறுபடியும் இறங்கி வந்து, "போவட்டுமா?" என்றாய். "எத்தினி தடவடா கேப்ப, ஏறு," என்று அதட்டினேன். நீ எதற்கு இரண்டாம் தடவை கேட்டாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. வேண்டாம், இரு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளே தள்ளிவிட்டேன். படிப்பு முக்கியம் என்று நினைத்தேன், இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ரயிலைப் பட்டாளத்தார் யுத்தத்துக்கென்று தண்டவாளத்தோடு பிடுங்கிக்கொண்டு போனபோது ஊரே வருத்தப்பட்டது, நான் ஒருத்திதான் வருத்தப்படவில்லை.

அந்தப் போர்டிங்கில்தான் உனக்குக் கன்னடக்காரப் பிள்ளைகள் பழக்கமானார்கள், அவர்கள் பாஷையும் வந்தது. எனக்கு வரவில்லை. சந்தையில் விலை கேட்கிற அளவுக்குக்கூட நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அப்போது சோம்பல். உன் கல்யாணத்துக்குப் பிறகு வீம்பு.

கல்யாணத்தை நினைத்துப் பார். உன் அப்பா காலமாகி வருஷம் திரும்பியிருந்தது. கோவில் உபதேசியார்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். நல்ல வேதக்காரக் குடும்பம், ஒரே பெண், பாஷைதான் வேறே என்றார். பாஷை என்ன செய்துவிடும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். கோவிலில் தாலி கட்டி முடித்து அவர்கள் வீட்டுப் பந்தலில் பந்தி போட்டார்கள். ஒப்பட்டு. நம் ஊர்ப் போளிதான். நான் ஒன்று போதும் என்றேன். உன் மாமியார் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "இன்னொந்து, பீகித்தி, இன்னொந்து" என்று இலையில் போட்டு நெய்யை ஊற்றினாள். பீகித்தி என்றால் சம்பந்தி என்று பிறகுதான் தெரிந்தது, அப்போது என்னை ஏதோ திட்டுகிறாள் என்றே எண்ணினேன். வரிசை முழுக்க எல்லோரும் இலைக்கு மேலே கையை விரித்துக்கொண்டு, "சாக்கு, சாக்கு" என்றார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகச் சாக்குக் கேட்கிறார்களோ என்று நான் உபதேசியாரைக் கேட்க, அவர் சிரித்துப் புரையேறி, "போதுங்கறாங்கம்மா," என்றார். போதும் என்கிறவர்கள் இலையில்தான் அதிகமாக விழுந்தது. கூச்சமில்லாத கூட்டம் என்று நினைத்தேன். ஆனால் நீ என்ன செய்தாய்? நம் வீட்டில் ஒரு கவளம் கூட வைத்தால் எழுந்துவிடுகிற நீ, அங்கே கையை விரித்து சாக்கு சாக்கு என்று சொல்லிக்கொண்டே தின்றாய். முகமெல்லாம் சிரிப்பு. உன்னைப் பெற்று இத்தனை வருஷத்தில் சாப்பிடும்போது நீ சிரித்து நான் பார்த்ததில்லை. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததைத்தான் இப்போது சொல்ல வருகிறேன். நான் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். உன் மாமியார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழும் கன்னடமும் கலந்து ஏதோ சொன்னாள். உபதேசியார் கிணற்றடியில் இருந்தார். நீ நிலையில் சாய்ந்து நின்றிருந்தாய். அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இரண்டு மூன்று சொல்தான். "ஒத்தாசை கேக்கறோம், மாப்ளெ" என்று என் காதில் விழுந்தது. அது தை மாசம், அடுத்து புளி உலுக்குகிற காலம். மகன் இல்லாத வீடு, கணக்கு வழக்குப் பார்க்கப் படித்த மாப்பிள்ளையை ஒத்தாசைக்கு இருக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். இருந்தாலும் சந்தேகம் தட்டியது. "என்னாங்க, ஒரேடியாவா இருக்கச் சொல்றீங்க?" என்று கேட்டேன். கேட்டேன் பார், அதை மறந்துவிடாதே. அவள் வேகமாகத் தலையை ஆட்டி, "இல்லே இர்லி, பீகித்தி, இல்லே இர்லி" என்றாள். இல்லை என்கிறாள், அப்புறம் என்ன என்று நான், "அப்படீன்னா அதுக்கென்னாங்க, தாராளமா வெச்சுக்கங்க" என்றேன்.

அவள் ஒரு கணம் திகைத்துப்போய் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தச் சின்ன ஒத்தாசைக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாய். புது மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே வண்டியேறினேன்.

புளி உலுக்கி, அடித்து, கொட்டை எடுத்து, விற்றும் ஆகியிருக்கும். நீ வரவில்லை. சித்திரையும் போனது. ஒரு கார்டு போட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கலாம். அனுப்பி வைக்கிறவர்கள் அனுப்ப வேண்டும், வருகிறவன் வரவேண்டும், நான் எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். பிறகு நீங்கள் இரண்டு பேரும் பண்டிகைக்கு வந்து, பண்டிகை முடிந்து புறப்பட்டீர்கள். அம்மா, இங்கேயே இருந்துவிடவா என்று நீ கேட்கவில்லை. இரு என்று நான் சொல்லவில்லை. சரி, பிள்ளைக்கு நெய் ருசித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் நீ வரும்போதெல்லாம் உன்னிடம் குற்றம் கண்டுபிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒரு தடவை நான் சோறு போட வந்தபோது நீ கையை விரித்து "சாக்கு" என்றாய், வாய் தவறித்தான். அன்று முழுக்க நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் மகள் பேசக் கற்றபோது அந்த வீட்டுக்காரியை வெறும் அஜ்ஜி என்றாள், பாட்டி என்று அர்த்தம். என்னைப் பாப்பாரப்பட்டி ஆயா என்றாள். எனக்கு மட்டும் ஊர் பேர் சேர்க்க வேண்டியிருக்கிறது. குழந்தை சொன்னதை நான் இப்படி மனசில் வைத்திருக்கிறேன் என்றால் மற்றதை நீயே யோசித்துக்கொள்.

போன மாதம் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தபோது ரோசம்மா வந்தாள். வரச் சொல்லி நான் சொல்லி அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தாள். நல்ல பெண். இதையும் உரக்கப் படி. ஒரு மத்தியானம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, "காலு ஒத்தறேன் அத்தே, நீட்டுங்க," என்றாள்.

"ஒத்தடமா? அதெல்லாம் வேணாம் போ, துணி சுட வெக்கணும், வென்னி வெக்கணும்," என்றேன்.

"ஒத்தடம் இல்லீங்க அத்தே. ஒத்தறது. இப்பிடி," என்று கட்டைவிரலால் கெண்டைக்காலை அமுக்கிக் காட்டினாள்.

"அமுக்கறதுன்னு சொல்லேன்."

"எங்கூட்ல ஒத்தறதுன்னுதான் சொல்லுவோம். கால ஒத்தலாம், தலைய ஒத்தலாம், மனுசங்களயும் ஒத்தலாம்," என்று சிரித்தாள். "மனுசங்கள ஒத்துனா அது ஒத்தாய."

"ஒத்தாசை," என்று நான் திருத்தினேன்.

"ஒத்தாசை இல்லீங்க. ஒத்தாய. வேணாங்கறவங்கள விடாம கேட்டுகினே இருக்கறது. எங்கம்மா உங்ககிட்ட அன்னிக்கு பண்ணாங்களே, கல்யாணத்துக்கு மறுநாளு. மாப்ளெய எங்களுக்கே குடுத்துடுங்கன்னு. பொழுது சாயற வரைக்கும் ஒத்தாய பண்ணணும், நீங்க லேசுல விடமாட்டீங்கன்னு ரெடியா வந்தாங்க அத்தே. நீங்க ஒரே வார்த்தையில குடுத்துட்டீங்க."

நான் காலை இழுத்துக்கொண்டேன். ஒரேயடியாகவா என்று நான் கேட்டதற்கு உன் அம்மா இல்லை என்றுதானே சொன்னாள் என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லேன்னா இங்கயேன்னு அர்த்தம் அத்தே. இல்லே இர்லி, இங்கயே இருக்கட்டும்," என்றாள். என் தமிழில் இல்லை என்று கேட்டது அவள் பாஷையில் இங்கேயேதான் என்று இருந்திருக்கிறது. நான் ஒத்தாசைக்கு அனுப்பிய பிள்ளையை அவர்கள் தானமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏமாற்றி எடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொல்ல முடியவில்லை. அவள் கையைப் பிடித்து, கண்ணில் தண்ணீரோடு, நேராகத்தான் கேட்டாள்.

அதுவும் போகட்டும். ரோசம்மா அடுத்தபடியாகச் சொன்னதுதான் என்னைப் படுக்கையைவிட்டு எழுப்பி இதை எழுத வைக்கிறது. "அவரு இப்பவும் சொல்லுவாரு அத்தே. எங்கம்மா என்னெ ஒரு வார்த்த கூட மறுக்காம குடுத்துட்டாங்கன்னு. வெளயாட்டா சொல்ற மாதிரிதான் சொல்லுவாரு," என்றாள். நீ நிலையில் சாய்ந்து நின்றாய். உனக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவள் கேட்டதும் புரிந்தது, நான் சொன்னதும் புரிந்தது. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று உன் அம்மா சொன்னது உன் காதில் விழுந்தது. அதனால் தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் வெட்கம் என்று நினைத்தேன்.

டேய், நீ ஏன் கேட்கவில்லை? அன்றைக்கு என் பின்னாலேயே வந்து, என்னம்மா இப்படிச் சொல்லிவிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அந்த வாசலிலேயே தீர்ந்திருக்கும். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் கேட்காமல் இருக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் கோபத்தைத் தொடர முடியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு பண்ணாமலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

படுத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கும் எத்தனை சொல் இருக்கிறது பார். நச்சரிப்பது, நெருக்குவது, வற்புறுத்துவது, கட்டாயப்படுத்துவது. எல்லாவற்றிலும் ஒரு கடுப்பு இருக்கிறது. யுத்தத்தின்போது நம் சந்தைக்குப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள், யாரையும் பலவந்தம் பண்ணவில்லை என்று சொல்லிச் சொல்லியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் வாயில் பலவந்தம் அப்படி. அதே பலவந்தத்தை உன் மாமியார் ஒப்பட்டுத் தட்டோடு வந்து பண்ணுகிறாள். நான் படுத்திருப்பது கேள்விப்பட்டு ரோசம்மாவுக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள், பஸ்ஸில் அவ்வளவு தூரம். தட்டை என் மடியிலேயே வைத்து, அங்கே வந்து எங்களோடு இருந்துவிடுங்கள் என்று ஆரம்பித்தாள், ரோசம்மா தமிழில் எடுத்துச் சொன்னாள். நான் முடியாது என்றேன். அவள் கேட்டாள். மறுபடியும் முடியாது என்றேன். மறுபடியும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் கெஞ்சல்தான் மிச்சம். இவ்வளவு பெரிய வீட்டுக்காரி என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். வருந்திக் கூப்பிட்டார்கள் என்று நாம் சொல்வோமே, அது ஏன் வருந்துவது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கூப்பிடுகிறவருக்குத்தான் வருத்தம். அவர்தான் தாழ்ந்து போகிறார், மறுக்கிறவர் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் ராணி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். ஒப்பட்டையும் தின்றேன். இரண்டு தின்றேன். நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

அவளுக்கு இது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கு வயிறு எரிகிறது. தாழ்ந்து போவதால் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை, வீடு நிறைய ஆள்தான் சேர்கிறது. மகளை வைத்துக்கொண்டாள், மாப்பிள்ளையை வைத்துக்கொண்டாள், பேத்தியை வைத்துக்கொண்டாள், இப்போது என்னையும் கேட்கிறாள். நான் தலை நிமிர்ந்து இருந்தேன். என் வீட்டில் நானும் அடுப்பும்தான். அவள் ஒத்தாயத்துக்கு இணங்கி நான் அங்கே வரமாட்டேன். அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் கையால் வாங்கித் தின்றுகொண்டு, நீ அவளோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இதை அவளுக்குக் கன்னடத்தில் சொல்லும்போது கொஞ்சம் தணித்துச் சொல்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த வீட்டைக் கட்டாதே. இங்கே வா. புளி வியாபாரத்தை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, உன் மாமனார் மனசு எனக்கு வேண்டும். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குச் சுற்று வட்டாரமே வருகிறது. நம் வீட்டின் முன்பக்கம் இரண்டு அறையும் சும்மாதான் கிடக்கின்றன. சரக்கை அங்கிருந்து வண்டியில் கொண்டுவந்து இங்கே இறக்கு. தோப்பு அவர்களுடையது, கடை உன்னுடையது. உலுக்குகிற காலத்தில் அங்கே போய் இரு, மாசக்கணக்கில் இரு, அப்போது உண்மையிலேயே ஒத்தாசைக்குப் போனவனாக இருப்பாய். ரோசம்மாவுக்கு இங்கே வர மனசிருக்குமோ என்னவோ. அவளை ஒரு தடவை கேட்டுவிட்டு, அவள் வேண்டாம் என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. அவள் கேட்டு வளர்ந்த விதத்தில் கேள். அவள் மறுப்பது இன்னும் ஒரு தடவை கேளுங்கள் என்பதற்காக இருக்கலாம், அது உனக்கே தெரிந்திருக்கும், என்னைப் பார்த்து வளர்ந்ததால் மறந்திருப்பாய். நிஜமாகவே அவளுக்கு இஷ்டமில்லை என்றால் அதுவும் அவள் முகத்தில் தெரியும். அங்கே நிறுத்து. பட்டாளத்துக்காரர்கள் மாதிரி ஆகிவிடாதே.

இனி உன் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது. நிறுத்தி நிதானமாகப் படி, ஒரு வார்த்தை விடாமல் கன்னடத்தில் சொல். சம்பந்தியம்மா, அன்றைக்கு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் நான் சொல்லியிருக்கப் போகிற பதில் இது. என் பிள்ளையை நான் தரமாட்டேன். நீங்கள் பொழுது சாய்கிற வரைக்கும் கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன். நீங்கள் மறுநாளும் கேட்டிருப்பீர்கள், நான் மறுநாளும் மறுத்திருப்பேன். அவன் நிலையில் சாய்ந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

கடைசியாக உனக்கு. நீ யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதுவாய். அது மாட்டேன் என்பதற்கு நீ வைத்திருக்கிற பேர், எனக்குத் தெரியும். எழுது, நான் மறுபடியும் எழுதுவேன். அதற்கும் மசியாவிட்டால், சாமியார் மந்திரிக்க வருகிற அன்று விடியற்காலை பஸ்ஸில் ஏறி வந்து, குழியோரத்தில் வைத்திருக்கிற அந்தக் கல்லின் மேல் இந்த முழங்காலோடு உட்கார்ந்துகொள்வேன். ஊரே பார்க்கட்டும். உன் மாமியார் என்னை எழுப்ப ஒத்தாயம் பண்ணிப் பார்க்கட்டும், ஒப்பட்டும் கொண்டுவரட்டும். உட்கார்ந்தபடியே தின்பேன். எழுந்திருக்க மாட்டேன்.

உன் அம்மா